எண்பதாயிரம் வெள்ளியும் ஒரு பழைய ரேஞ்ச்ரோவரும்: சுங்கை சிப்புட் தம்பிக்குப் பதில்

சுங்கை சிப்புட்டில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செம்பனைக் குலை ஏற்றும் இரண்டு லோரி வைத்துத் தொழில் செய்கிறார். கையில் எண்பதாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சேர்ந்திருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு கடையில் 2011ஆம் ஆண்டு ரேஞ்ச்ரோவர் ஸ்போர்ட் நிற்கிறது. 3.0 டீசல், பிரிட்டனில் இருந்து ரீகோனாக, அதாவது அங்கே ஓடிய பழைய வண்டியாக இறக்குமதியாகி வந்தது, மீட்டரில் 110,000 கிலோமீட்டர், விலை 72,000 வெள்ளி. வார நாளில் தோட்டத்துக்குள் போய்வர வேண்டும், வார இறுதியில் மனைவி பிள்ளைகளோடு வெளியே போக வேண்டும். "அண்ணே, வாங்கலாமா, வேறு ஏதாவது பார்க்கட்டுமா?" என்கிறார்.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜீப்பை வாங்க வேண்டாம். ஆசையை விடச் சொல்லவில்லை, ஜீப்பை மாற்றச் சொல்கிறேன். உங்கள் ஊரில் தினமும் கண்ணில் படுகிற பிக்கப் ஏதாவது ஒன்றின் எஞ்சினையே போட்டு வந்த சொகுசு ஜீப்பாகத் தேடுங்கள். ஏன் என்பதை இனிமேல் விளக்குகிறேன்.

நான் இருபத்தாறு வருடம் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் போமனாக (மெக்கானிக்காக) இருந்தவன். டிராக்டர், லோரி, துரையின் ஜீப் எல்லாம் என் கைக்குத்தான் வரும். ஓய்வு பெற்ற பிறகும் ஈப்போவில் தெரிந்தவர் பட்டறையில் வாரம் மூன்று நாள் டீசல் வேலை பார்க்கிறேன். இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். லேண்ட்ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்தது. அதற்குப் பிறகு நம் தோட்டங்களில் துரை என்றாலே ஜீப் என்று ஆகிவிட்டது. எங்கள் அப்பா அந்தச் சத்தம் கேட்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார். அந்த லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை இன்றைக்குத் தன் சொந்தப் பணத்தில் அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்க நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. அந்தப் பணம் பட்டறை வாசலில் கரைந்துவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

புது மைவி காருக்குக் கொடுக்கிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ரேஞ்ச்ரோவர் கிடைக்கிறது. பார்த்தால் மலிவாகத்தான் தெரியும். ஆனால் ஜீப்பின் விலைதான் வருடா வருடம் இறங்குகிறது, அதன் டர்போ விலையும் ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசர் விலையும் இறங்குவதில்லை. பல லட்சம் வெள்ளிக்கு விற்ற வண்டியின் பாகங்கள் அந்தக் கணக்கில்தான் இன்னமும் விற்கின்றன. டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜீப்பின் 20 அங்குல ரிம்முக்கு 275/40 போட வேண்டும். நம் ஊர் டயர் கடையில் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டிய அளவு அது. ஓரம் அவ்வளவு மெல்லியதாக இருக்கிற டயர் தோட்டத்துக் கல்பாதையில் ஒரு குழியில் இறங்கினால் போதும், கிழிந்துவிடும். டொயோட்டா பிராடோ ஜீப்பில் வருகிற 265/65, 17 அங்குல டயர் பிக்கப் டயர் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சரி, மீட்டருக்கு வருவோம். பதினைந்து வயது ஜீப், 110,000 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம், ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர். இவ்வளவு காசு போட்டு டீசல் ஜீப் வாங்கியவர் ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர்தான் ஓட்டினார் என்றால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். ஒன்று, மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள். இல்லையென்றால் உண்மையிலேயே பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டாவதுதான் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். டீசல் எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்து அணைத்து ஓட்டிய ஜீப்பில் புகைக்கரி எங்கெல்லாம் சேரும் என்று பின்னால் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் 220,000 ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கிற ஜீப்பை நான் இதைவிட மேலாக மதிப்பேன்.

பிரிட்டன் ரீகோன் என்பதால் ஒரு வசதி உண்டு. அங்கே மூன்று வயது தாண்டிய கார்களுக்கு வருடா வருடம் எம்ஓடி என்ற சோதனை கட்டாயம். ஒவ்வொரு சோதனையிலும் மீட்டரைக் குறித்துக்கொள்வார்கள். பிரிட்டன் பதிவு எண் தெரிந்தால் அரசாங்கத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கடைக்காரரிடம் அந்தப் பழைய பதிவு எண்ணைக் கேளுங்கள். 2014இல் அங்கே 95,000 மைல் என்று இருந்தால் இங்கே காட்டுகிற 110,000 கிலோமீட்டருக்கு அர்த்தமே இல்லை. ஜப்பான் ரீகோனாக இருந்தால் ஏலத் தாளைக் கேளுங்கள். தரம் என்ற கட்டத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்று போட்டிருந்தால் அடிபட்டுச் சரி செய்த வண்டி.

இனி எஞ்சின். அந்த 3.0 டிடிவி6, ஃபோர்டும் பிரான்சின் பெஜோ-சித்ரோன் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 2.7 லிட்டர் எஞ்சினை வளர்த்துச் செய்தது. 600 நியூட்டன் மீட்டர் இழுவை. ஓட்டிப் பார்த்தால் மனசு அதிலேயே ஒட்டிக்கொள்ளும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த எஞ்சின் குடும்பத்தில் கிராங்க்‌ஷாஃப்ட் பேரிங் சுழன்று, ஆயில் வழி அடைத்து, எஞ்சினின் முக்கிய அச்சான அந்தக் கிராங்க் இரண்டாக உடைவது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் போமன்கள் நன்றாக அறிந்த விஷயம். எல்லா எஞ்சினும் உடையும் என்று சொல்லவில்லை. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியவையும் உண்டு. சிக்கல் என்னவென்றால் உடைவதற்கு முன்னால் பெரிதாக அறிகுறி காட்டாது. பிரிட்டனில் இவற்றுக்கு ஆயில் மாற்றுகிற இடைவெளியே 24,000 கிலோமீட்டர் அளவில் வைத்திருந்தார்கள். அவ்வளவு நாள் ஓடிய ஆயில் பேரிங்குக்கு நல்லதில்லை என்பது என் கருத்து. நம் வெயிலிலும் தூசியிலும் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் அப்படி மாற்றினாரா என்பதற்கு பில்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அந்த எஞ்சினில் முன்னால் ஒரு டைமிங் பெல்ட், பின்னால் உயர் அழுத்த டீசல் பம்பை ஓட்ட இன்னொரு பெல்ட் என்று இரண்டு இருக்கின்றன. முன்னதை மாற்றிவிட்டுப் பின்னதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் உண்டு. பதினைந்து வயது ஜீப்பில் இரண்டு பெல்ட்டுக்கும் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டர்போ மாதிரி பெரிய வேலை வந்தால் பல பட்டறைகளில் பாடியையே சேஸியிலிருந்து தூக்கிவிட்டுத்தான் செய்கிறார்கள். அதற்கு நல்ல லிஃப்ட் வேண்டும், அந்த வண்டியோடு பேசுகிற ஸ்கேன் கருவி வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சுங்கை சிப்புட்டில் டீசல் போமன்களுக்குக் குறைவில்லை, ஆனால் இந்த மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் நீங்கள் குறைந்தது ஈப்போவுக்கு வர வேண்டும், பல சமயம் கோலாலம்பூருக்கே போக வேண்டும். இழுவை லோரிக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

என் கதையையும் சொல்கிறேன். 2013இல் நானும் ஒரு ஐரோப்பிய டீசல் ஜீப் வாங்கினேன், எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டாம். எட்டு மாதம் ராஜாவாக ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலகங்சாரில் கல்யாணம் முடிந்து, பிளஸ் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப் பாதை ஏற்றத்தில் வரும்போது சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் போனெட்டுக்கு அடியிலிருந்து ஆவி. கூலன்ட் போகிற பிளாஸ்டிக் குழாய் வெடித்திருந்தது. திறந்து பார்த்தால் விற்ற கடைக்காரர் கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி விட்டிருக்கிறார். சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. பாகம் வெளிநாட்டில் இருந்து வர ஐந்து வாரம். மொத்தச் செலவு பதினாறாயிரம் வெள்ளி. போமனாக இருந்த எனக்கே அப்படி. அன்றைக்குப் பின்சீட்டில் இருந்த என் மகள் இரண்டு மணி நேரம் சாலையோரத்தில் நின்றாள். அந்தச் செலவைவிட அதுதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

வேறு ஐரோப்பிய ஜீப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். மெர்சிடிஸ் எம்எல் 350 சிடிஐ-யில் இருக்கிற வி6 எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப் பள்ளத்தில் இருக்கிற ஆயில் கூலரின் ரப்பர் சீல் கசியும். சீல் சின்னப் பொருள், அதை எட்ட மேலே இருக்கிற எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பிஎம்டபிள்யூ எக்ஸ்3 20டி-யில் வந்த என்47 எஞ்சினின் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. செயின் தேய்ந்தால் எஞ்சினை இறக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கத்தில் இருந்து கரகரவென்று உரசுகிற சத்தம் வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே நல்ல பட்டறை இருக்கிற கோலாலம்பூர்க்காரருக்கு இவை சரிப்படலாம்.

டீசலைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் லோரிக்காரர் என்பதால் டீசல் என்றால் சிக்கனம் என்று உங்களுக்கு மனசில் பதிந்திருக்கும். 2024 ஜூன் 10 வரை தீபகற்பத்தில் லிட்டர் 2.15 வெள்ளி. அன்றைக்கு ஒரே நாளில் 3.35 ஆனது. 80 லிட்டர் அடித்தால் 172 வெள்ளியாக இருந்தது 268 வெள்ளி. அதற்குப் பிறகு சந்தை விலைப்படி வாரா வாரம் மாறுகிறது. இந்தப் பக்கம் 2025 செப்டம்பர் கடைசியில் புடி95 மானியத் திட்டத்தில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் 1.99 வெள்ளிக்கு இறங்கியது. ஆக, காசு மிச்சம் பிடிக்க டீசல் ஜீப் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. இழுவைக்காகவும், ஏற்றத்திலும் சேற்றிலும் கிடைக்கிற பலத்துக்காகவும் டீசல் வேண்டும் என்றால் சரி, வாங்குங்கள்.

தனியார் டீசல் வாகனக்காரர்களுக்கு 2024இல் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை கொண்டு வந்தார்கள். ஆண்டு வருமானம் ஒரு லட்சம் வெள்ளிக்குக் கீழே இருக்க வேண்டும், பத்து வயதுக்குட்பட்ட சொகுசு வண்டிகளுக்குக் கிடையாது என்பது விதி. உங்கள் வருமானக் கணக்கைப் பார்த்து விண்ணப்பம் செய்யுங்கள். ஆனால் லோரிக்கு மானிய டீசல் அட்டை வைத்திருந்தால் தயவுசெய்து அதில் ஜீப்புக்கு ஊற்றாதீர்கள். 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அது குற்றம். ஜீப்பில் நாற்பது லிட்டர் மிச்சம் பிடிக்கப் போய் லோரித் தொழிலே நின்றுவிடும்.

டீசலின் தரமும் முக்கியம். 2021 ஏப்ரலில் இருந்து நாட்டில் விற்கிற டீசல் எல்லாம் யூரோ 5, அதாவது கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு. அதற்கு முன்னால் பெரும்பாலான நிலையங்களில் கிடைத்த யூரோ 2எம் டீசலில் 500 பங்கு. அந்தக் காலத்தில் இங்கே ஓடிய நவீன ஐரோப்பிய டீசல் ஜீப் பலவும் அதைத்தான் குடித்தன. புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் என்ற வடிகட்டிக்குக் கந்தகம் ஆகாது. அந்த வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வண்டி நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது நிற்காமல் சூடாக ஓட வேண்டும். லிந்தாங் சாலையில் தோட்டம், வீடு, பள்ளிக்கூடம் என்று மட்டும் ஓட்டினால் கரி எரியாது. முதலில் மஞ்சள் விளக்கு, அப்புறம் வண்டி சக்தி குறைந்து ஊர்ந்து போகும். நீங்கள் எந்த ஜீப் வாங்கினாலும், டிபிஎஃப் இருந்தால் வாரம் ஒரு நாள் பிளஸ் சாலையில் ஈப்போ வரை ஒரு ஓட்டம் விடுங்கள். சில கடைகளில் அந்த வடிகட்டியின் உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றி விற்கிறார்கள். புகைக்குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். டிபிஎஃப் வேலை செய்கிற ஜீப்பில் கரி ஏறக்குறைய ஒட்டாது, கை கறுப்பாக வந்தால் கேள்வி கேளுங்கள்.

பம்பில் பி10, பி7 என்று இரண்டு வகை பார்த்திருப்பீர்கள். பி10 என்றால் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயில் இருந்து செய்தது. நீங்கள் ஏற்றுகிற குலைதான் சுற்றி வந்து உங்கள் தொட்டியில் விழுகிறது. ஐரோப்பிய டீசல் தரம் ஏழு விழுக்காடு வரைதான் அனுமதிக்கிறது, அதனால் ஐரோப்பிய ஜீப்புக்கு லிட்டருக்கு 20 காசு கூடக் கொடுத்து பி7 அடிப்பதே நல்லது. செம்பனை டீசல் காற்றில் இருக்கிற ஈரத்தை எளிதில் இழுக்கும். எந்த ஜீப்பானாலும் டீசல் ஃபில்டரின் அடியில் சேர்கிற தண்ணீரை மாதம் ஒரு முறை திறந்து விடுங்கள். லோரியில் செய்கிற அதே வேலைதான், ஆனால் இந்த இன்ஜெக்டர்களுக்குத் தண்ணீர் அதைவிடப் பெரிய எதிரி.

அப்படியானால் எதை வாங்குவது? உங்கள் தோட்டத்தில் மேலாளரும் குத்தகைக்காரர்களும் எதில் வருகிறார்கள் என்று பாருங்கள். ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் என்று எல்லாம் பிக்கப்தான். ஹைலக்ஸ் 3.0இல் வந்த 1கேடி எஞ்சின்தான் பிராடோ 3.0 டீசலிலும். ஹைலக்ஸ் 2.8இன் எஞ்சின்தான் ஃபார்ச்சூனர் 2.8இல். டிரைட்டன் 2.5 எஞ்சின் பஜேரோ ஸ்போர்ட்டில். ரேஞ்சர் 3.2 எஞ்சின் எவரெஸ்ட் 3.2இல். இந்த எஞ்சின்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கழற்றி மாட்டுகிற போமன் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். அசல் பாகம், மாற்றுப் பாகம், பழைய வண்டியில் கழற்றிய பாகம் மூன்றும் கிடைக்கும். சொகுசில் ரேஞ்ச்ரோவருக்கு இவை சமமில்லைதான். ஆனால் தோல் இருக்கை, ஏழு பேர் அமர இடம், ஐந்தாறு மணி நேரம் ஓட்டினாலும் முதுகு வலிக்காத சஸ்பென்ஷன் எல்லாம் இருக்கின்றன.

உங்கள் தேவைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ஃபோர்டு எவரெஸ்ட் 3.2 டைட்டானியம். ஐந்து சிலிண்டர், 470 நியூட்டன் மீட்டர், பின் டிஃப்ரென்ஷியல் லாக், மேலே கண்ணாடிக் கூரை. உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. இந்த எஞ்சினில் ஆயிலை இறக்கிவிட்டு நீண்ட நேரம் விடக் கூடாது. ஆயில் பம்ப் தன்னுள் இருக்கிற ஆயிலை இழந்துவிட்டால் மறுபடி இழுக்காது, எஞ்சின் உலர்ந்து ஓடிக் கெட்டுவிடும். பத்து நிமிடத்துக்குள் புது ஆயில் ஊற்ற வேண்டும். ஆயிலை வடிய விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற பட்டறையில் இதைக் கொடுக்காதீர்கள்.

பிராடோதான் வேண்டும் என்று மனசு சொன்னால் 3.0இல் இரண்டு விஷயம் கேளுங்கள். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கிற செம்பு வாஷர்களை மாற்றியிருக்கிறார்களா? அவை கசிந்தால் எரிந்த வாயு ஆயிலில் கலந்து, கரி கட்டி, ஆயில் உறிஞ்சுகிற சல்லடையை அடைக்கும், பிறகு எஞ்சினே போய்விடும். அடுத்து, 150,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட். இவ்வளவுதான். இரண்டையும் செய்திருந்தால் அது உழைக்கிற ஜீப்.

சாலை வரியைப் பற்றிப் பலர் பயப்படுவார்கள், அவ்வளவு பயம் வேண்டாம். தீபகற்பத்தில் ஜீப் வகைக்கு சலூன் காரைவிட வரி குறைவு. 2993 சிசி ஜீப்புக்கு வருடம் சுமார் 1,630 வெள்ளி, அதே சிசி சலூனுக்கு 2,100க்கு மேல்.

ஜீப்பைப் பார்க்கப் போகும் நாளைச் சொல்கிறேன். காலையில் போங்கள், முதல் நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. ஏர் சஸ்பென்ஷன் இருக்கிற ஜீப் என்றால் ராத்திரி முழுக்க நின்ற பிறகு ஒரு மூலை மட்டும் இறங்கியிருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். இறங்கியிருந்தால் காற்றுப் பை கசிகிறது. ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் புகைக்குழாய்க்குப் பின்னால் நில்லுங்கள், கூட வந்தவர் சாவியைத் திருப்பட்டும். வெள்ளைப் புகை வந்து சில விநாடியில் நின்றுவிட்டால் பரவாயில்லை, நிற்காமல் வந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. நீலம் என்றால் ஆயில். மிதிக்கும்போது மட்டும் கரும்புகை கொட்டினால் இன்ஜெக்டர், டர்போ, அல்லது காற்றுக் குழாயில் எங்கோ ஓட்டை. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திருகி அதன் இடத்திலேயே லேசாக வையுங்கள். மெல்ல ஆடினால் சரி, துள்ளி விழுந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது.

அப்புறம் கீழே படுத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஜீப் வாங்காதீர்கள். பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவதால் அங்கிருந்து வருகிற வண்டிகளின் அடி துருப்பிடித்திருக்கும், மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் சேஸியைத் தட்டுங்கள். மந்தமான சத்தம் வருகிற இடத்தில் துரு தின்றிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு வேறு அடையாளம். 2014 டிசம்பரில் கிளந்தானிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவிலும் எத்தனை வண்டி முழுகின என்று பார்த்தோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்று வரி தெரியும். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, கம்பளத்துக்கு அடியில் மணல், பின் விளக்குக்குள் மங்கலான நீர்க்கோடு. இதில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். போனெட்டைத் திறந்து வயர்களில் எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோட்டத்தில் எலியைப் பிடிக்கக் கூகைக்குக் கூடு கட்டி வைக்கிற நமக்கு எலி செய்கிற வேலை தெரியும். இந்த ஜீப்புகளின் வயர்க் கட்டு மாற்றுவது ஒரு மாத வருமானத்தைத் தின்றுவிடும்.

ஓட்டிப் பார்ப்பதைக் கடை வாசலிலேயே சுற்றி முடிக்க விடாதீர்கள். கோலாலம்பூர் வண்டி என்றால் காராக் சாலையில் கெந்திங் செம்பா ஏற்றம் வரை போங்கள். நம் பக்கத்து வண்டி என்றால் அதே மெனோரா ஏற்றம். ஏசி போட்டபடி ஏறும்போது சூட்டு முள் அசையக் கூடாது, கியர் மாறும்போது முதுகில் தள்ளுவது போல் உதைக்கக் கூடாது. ஸெட்எஃப் கியர்பாக்ஸுக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று விற்பவர் சொல்வார். அதைச் செய்த ஸெட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. கடைசியாக ஒரு மண் தரையில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, 4 லோவுக்கு, அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற கியருக்குப் போடுங்கள். பல சொகுசு ஜீப்புகளில் முதல் உரிமையாளர் அந்தப் பொத்தானைத் தொட்டே இருக்க மாட்டார், மோட்டார் இறுகிப்போயிருக்கும். தோட்டத்துக்குப் போகிற உங்களுக்கு அது வேலை செய்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் நானூறு ஐநூறு வெள்ளி செலவு செய்து அந்த வகை வண்டியில் பழகிய போமனைக் கூட்டிப்போய் ஸ்கேன் போடுங்கள். கடைக்காரர் வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 இருக்கிறது, பி7 இருக்கிறது என்று தாளைக் காட்டுவார். பி5 உரிமை மாற்றத்துக்கான சோதனை, பி7 வங்கிக் கடனுக்கானது. சேஸி எண், எஞ்சின் எண், கண்ணாடி, பிரேக், புகை இவற்றைத்தான் பார்ப்பார்கள். டர்போவுக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள் என்று அதில் எழுதியிருக்காது.

தாள்களில் மூன்று கண்ணி. முதலாவது சம்புங் பாயார். யாரோ ஒருவர் வங்கிக் கடனை நீங்கள் தொடர்ந்து கட்டினால் போதும், முன்பணம் கொஞ்சம் கொடுங்கள் என்பார். விலை உயர்ந்த ஜீப்புகளில்தான் இது அதிகம். வண்டி வங்கியின் பெயரில், கடன் அவர் பெயரில், உங்களிடம் ஒரு காகிதம்கூட இருக்காது. அவர் ஒரு தவணையைக் கட்டாமல் விட்டால் உங்கள் வாசலில் இருந்தே இழுத்துப் போய்விடுவார்கள். இரண்டாவது, கேவி என்று தொடங்குகிற எண். அது லங்காவி வண்டி, வரி கட்டாதது. இங்கே நிரந்தரமாக ஓட்ட முடியாது, வரி கட்டினால் மலிவும் போய்விடும். மூன்றாவது, இன்னொரு வண்டியின் எண்ணை வெட்டி ஒட்டிய வண்டி. சேஸி எண்ணை நீங்களே டார்ச் அடித்துப் படித்து, கெரானில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) இருக்கிற எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெயர் மாறும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

இந்த வயது வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது, ஆகவே கையில் இருக்கிற பணம்தான் உங்கள் எல்லை. அந்த எண்பதாயிரத்தில் ஜீப்புக்கு அறுபது வரை போங்கள். மீதி இருபதை லோரிக் கணக்கோடு கலக்காமல் தனியாக வையுங்கள். முதல் மூன்று மாதத்தில் எல்லா ஆயிலும், எல்லா ஃபில்டரும், கூலன்ட்டும், பெல்ட்டும், நான்கு டயரும் மாற்றுவதற்கும், முதல் வருடத்தில் கட்டாயம் வரப்போகிற ஒரு பெரிய வேலைக்கும் அதுதான். அறுபதுக்குள் நல்ல எவரெஸ்ட் கிடைக்கவில்லை என்றால் பஜேரோ ஸ்போர்ட் பாருங்கள், இல்லை இன்னும் ஆறு மாதம் சேருங்கள்.

அடுத்த வாரம் எதையாவது பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே போன் செய்து, நான் வருவதற்கு முன்னால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். போனதும் பேச்சைத் தொடங்கும் முன் போனெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.